ஓடுதளத்துப் பழக்கம் நெடுஞ்சாலைக்கு வரட்டும்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளின் முகமே மாறிவிடும். மதுரைப் பக்கமிருந்து கடையநல்லூர் வழியாகவும், திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகவும், கேரளத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் இறங்கிப் புளியரை வழியாகவும் வண்டிகள் வந்து குவிகின்றன. அந்தக் கூட்டத்தில் அலாய் வீலும் அகல டயரும் உறுமுகிற சைலன்ஸருமாக வரும் இளைஞர்களின் கார்கள் தனியே தெரியும். குற்றாலத்து ஐந்தருவியில் குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டா, பிறகு நான்குவழிச் சாலையில் வண்டியின் முழு மூச்சையும் பார்த்துவிடும் ஆசை. ஒவ்வொரு சீசனிலும் இவர்களைப் பற்றி எழும் பேச்சும் ஒன்றேதான்: பிடி, அபராதம் போடு, சைலன்ஸரைக் கழற்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. அதன்படி நடவடிக்கை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால், அபராத ரசீதைப் பார்த்துக் கார்ப் பித்து தெளிந்ததாகச் சொல்ல ஆளில்லை. காரின் மீது பித்துக் கொண்டவர்களில் கணிசமானோருக்கு விமானத்தின் மீதும் ஒரு கண் உண்டு. அந்த இரண்டாவது பித்தில் முதல் பித்துக்கான மருந்து இருக்கிறது, அதை நாம் இதுவரை எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பதே என் வாதம்.

இந்த இரண்டு ஆசைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதில் வியப்பு எதுவும் இல்லை; இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. இங்கிலாந்தில் 1907-ல் திறக்கப்பட்ட புரூக்லேண்ட்ஸ் கார்ப் பந்தயத் தடத்தின் நடுவிலேயே விமானத் தளமும் வளர்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் பெயரில் முன்பாதியாக இருக்கும் சார்லஸ் ரோல்ஸ், 1910 ஜூனில் ஆங்கிலக் கால்வாயை நிற்காமல் கடந்து திரும்பி வந்தார். அடுத்த மாதமே போர்ன்மத் விமானக் காட்சியில் விழுந்து இறந்தார். நம் சென்னையின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. 1903-ல் சிம்சன் நிறுவனத்தின் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். ஏழே ஆண்டுகளில், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் வடிவமைத்த விமானம் உருப்பெற்றதும் அதே சிம்சன் பட்டறையில்தான். கோச்சு வண்டி செய்த தச்சரும் கொல்லருமே காருக்கும் விமானத்துக்கும் கை கொடுத்தார்கள். 1949-ல் குரோம்பேட்டையில் சி.ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது வைத்த தொடக்கப் பாடப்பிரிவுகளில் வானூர்தியும் ஆட்டோமொபைலும் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளாக இருந்ததும் அந்த மரபின் தொடர்ச்சிதான்.

பட்டறை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வளர்ந்த விதம் வேறு. ஜே.ஆர்.டி. டாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் அவருக்குப் புகாட்டி கார் மீது அப்படியொரு மோகம். பம்பாய்த் தெருக்களில் அதை ஓட்டிய வேகத்தால் வழக்கு வந்து, ஜாக் விகாஜி என்ற வக்கீலைத் தேடிப் போனார். அந்த வக்கீலின் உறவுப் பெண் தெல்மாவையே 1930-ல் மணந்தார் என்பது டாடா குடும்பக் கதைகளில் பிரபலமானது. அதே காலத்தில், 1929 பிப்ரவரி 10 அன்று, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமமும் அவர் கைக்கு வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். சாலையில் வழக்கு வாங்கிய அந்த மனிதர், ஏர் இந்தியாவில் பறக்கும்போதெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டே வந்தவர். திரைச்சீலை சரியாக விழுகிறதா, தேநீருக்கும் காபிக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரிகிறதா, கழிவறை சுத்தமா என்று சின்னச் சின்ன விஷயங்களாக எழுதி நிர்வாகத்துக்கு அனுப்புவார். ஐம்பது ஆண்டு கழித்து, 78 வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் மறுபடியும் தனியே பறந்து காட்டினார். புகாட்டி அவருக்குத் துணிச்சலைப் பழக்கியது என்றால், எதையும் சரிபார்க்காமல் விடாத கண்ணைக் கொடுத்தது விமானம்.

அந்தக் கண் எப்படி வருகிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். விமானப் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருப்பது செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம். மாணவர் வந்தவுடன் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. கையில் அட்டையை வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வர வேண்டும். இறக்கையின் அடியில் உள்ள வடிகாலில் ஒரு சிறு குப்பியை அழுத்தி எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பெட்ரோல் இளநீலமாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தனித்துத் தெரியும். பிறகு இறக்கை மேல் எட்டி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டு எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று பார்க்கிறார். உள்ளே அதற்கு முள் இருந்தாலும் அதை நம்பிப் புறப்படும் வழக்கம் இல்லை. எண்ணெய் மட்டம், டயரின் தேய்மானம், இறக்கை மடிப்புகளின் கீல், அதில் இருக்கும் சின்னஞ்சிறு கம்பி முள் வரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் அன்று புதிதாகச் சேர்ந்தவருக்கும் அந்த அட்டை ஒன்றுதான். இந்த அட்டைக்கும் ஒரு மரணக் கதை உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம், கை தேர்ந்த சோதனை விமானிகளோடு கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. நிற்கும்போது விமானத்தின் மடிப்புகள் காற்றில் ஆடாமலிருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். இன்னும் திறமையான விமானியைத் தேடிப் பயனில்லை என்று உணர்ந்து, நினைவை நம்பாத ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளாக உலகம் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் பறக்கிறது.

இப்போது சாலைக்கு வருவோம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் அந்த ஆண்டு நடந்த சாவுகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. இந்த எண்ணை நான் ஓரளவு சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். வேகம் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால், விபத்து நடந்த இடத்தில் படிவத்தை நிரப்புபவருக்கு ‘அதிவேகம்’ என்ற கட்டத்தில் குறி போடுவதுதான் எல்லாவற்றிலும் எளிது. டிரைவர் தூங்கினாரா, டயர் வெடித்ததா, வளைவில் வெளிச்சம் இல்லையா என்பதெல்லாம் அந்த ஒற்றை வார்த்தைக்குள் மறைந்துபோகும். குற்றாலம் சீசனில் வரும் வேன்களையே பாருங்கள். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர், பயணிகள் அருவியில் நிற்கும் நேரத்தில் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, அன்று ராத்திரியே திரும்புகிறார். அவருக்குக் கார்ப் பித்தும் கிடையாது, பந்தய ஆசையும் கிடையாது. அவர் வண்டியும் ஒருநாள் அதே ‘அதிவேகம்’ கட்டத்துக்குள் போய்விழக்கூடும்.

விமானத்தில் இந்தக் கணக்கு வேறு. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது தொடக் கூடாது என்பது இந்திய விதி. பரிசோதனையில் சுழியம் காட்டினால்தான் காக்பிட் கதவு திறக்கும். சாலையில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை சட்டம் பொறுத்துக்கொள்கிறது. குற்றாலத்தில் அந்த முப்பதைக் கணக்குப் பார்த்து நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடலாம். ஓய்வு விஷயத்திலும் அப்படித்தான். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதி முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு, 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. நாடே திட்டியது. நிறுவனம் முன்கூட்டித் திட்டமிடவில்லை என்று திட்டினோமே தவிர, தூக்கக் கலக்கத்தோடு ஓட்டினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கவில்லை. அதே நாம்தான் வாடகை வேன் டிரைவரிடம், ‘ஒரு டீயைக் குடிச்சிட்டு எடுங்கண்ணே’ என்று சொல்கிறோம்.

இப்படிப்பட்ட ஒழுங்கு நம் ஊர்க்காரர்களுக்கு ஒத்துவராது என்று சிலர் கை விரிப்பார்கள். அவர்களுக்குப் பதில் குற்றாலப் பேரருவியிலேயே இருக்கிறது. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை. போலீஸார் விசில் அடித்ததும், வந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டாவது ஒதுங்கி நிற்கிறது. ‘நான் நல்லா நீச்சல் தெரிஞ்சவன், என்னை மட்டும் விடுங்க’ என்று யாராவது சொன்னால் பக்கத்தில் நிற்பவரே சிரிப்பார். எப்போது நிறுத்துவது என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல், முன்பே ஒரு அடையாளமாகக் கல்லில் நிற்கிறது. விமானி வானிலை அறிக்கையைப் பார்த்து, மேகத்தின் உயரம் இத்தனை அடிக்குக் கீழ் என்றால் கிளம்ப மாட்டேன் என்று முடிவெடுப்பது இதே முறைதான். அடையாளமோ எச்சரிக்கையோ போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் குற்றாலம் பார்த்திருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மேலே மலையில் பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு எழுந்த பேச்சு முழுவதும் முன்னெச்சரிக்கை பற்றித்தான்; அந்தப் பையன் ஏன் குளித்தான் என்று கேட்டவர்களைப் பெரும்பாலும் யாரும் மதிக்கவில்லை. புளியரை எஸ் வளைவில் லாரி கவிழ்ந்தால் மட்டும் நம் கேள்வி உடனே டிரைவர் மேல் பாய்கிறது.

வாதத்தின் கனமான இடமே இதுதான் என்பதால் நிக்கி லாடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியக் கார்ப் பந்தய வீரரான அவர் 1976-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் எரிந்து செத்துப் பிழைத்தவர். மூன்று முறை உலகச் சாம்பியன். விமான மோகத்தில் ‘லாடா ஏர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தானே விமானமும் ஓட்டினார். 1991 மே 26 அன்று அந்த நிறுவனத்தின் போயிங் 767, பாங்காக்கிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் தாய்லாந்துக் காட்டில் சிதறி விழுந்தது. 223 பேர் இறந்தார்கள். லாடா நேரே விபத்து நடந்த காட்டுக்குப் போனார். விமானி மேல் பழியைப் போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். தரையிறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்கப் பயன்படும் எதிர்விசைக் கருவி நடுவானில் தானாகத் திறந்துகொண்டதுதான் காரணம் என்பது தெரிய வந்தபோது, அப்படித் திறந்தாலும் விமானத்தைச் சமாளித்துவிடலாம் என்ற பழைய நம்பிக்கை குறுக்கே நின்றது. அவர் போயிங்கின் சியாட்டில் நகரத்துக்கே போய், பாவனை இயந்திரத்தில் தானே உட்கார்ந்து, எவ்வளவு திறமையாளனாலும் அதைச் சமாளிக்க முடியாது என்று காட்டினார். உண்மையை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று நெருக்கினார். அதன் பிறகு அந்தக் கருவிக்குக் கூடுதல் பூட்டு வந்தது. இன்று அந்த வகை விமானத்தில் ஏறும் எவருக்கும் அந்தப் பூட்டு இருப்பது தெரியாது. பந்தயத் தடத்தில் நொடிகளை நறுக்கிப் பழகிய ஒருவர், ஒரு விபத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கக் கற்றது விமானத் துறையின் பழக்கத்தால்தான்.

அந்தத் துறையின் சர்வதேச விதியே, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மீதும் பழி சுமத்துவது அல்ல என்று சொல்கிறது. இந்தியாவில் 2012 முதல் அதற்கென்றே தனி விசாரணை அமைப்பு இருக்கிறது. சாலையில் நடப்பது என்ன? முதல் தகவல் அறிக்கையில் டிரைவர் பெயர், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக ஒரு பிரிவு, காப்பீட்டு வழக்கு, அவ்வளவோடு கோப்பு முடிகிறது. சாலை விபத்து விவரங்களை ஓரிடத்தில் சேர்க்க சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய தரவுத்தளம் இப்போது காவல் துறையின் கையில் இருக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால், அந்தத் தரவை வைத்து ஒரு வளைவின் சாய்வை மாற்றினோம், ஒரு கம்பத்தை நகர்த்தினோம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை. காரை நேசிக்கும் இளைஞர்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் என்று நினைக்கிறேன். எந்தச் சாலையில் எந்த வளைவு வண்டியை வெளியே தள்ளுகிறது, எந்தப் பாலத்தின் இணைப்பில் சக்கரம் துள்ளுகிறது என்பது பொறியாளர்களைவிட அவர்களுக்குத்தான் முதுகெலும்பிலேயே தெரியும்.

இனி, இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சியம். காரும் விமானமும் சேர்ந்து பலி கொண்டவர்களின் வரிசை சிறியதில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனான கிரஹாம் ஹில் 1975 நவம்பரில் மூடுபனியில் தன் சிறு விமானத்தை இறக்க முயன்று, தன்னோடு வந்த ஐந்து பேரோடு இறந்தார். விமானத்தின் பதிவு காலாவதியாகியிருந்தது. அந்த வானிலையில் பறக்கத் தேவையான தகுதிச் சான்றையும் அவர் புதுப்பிக்கவில்லை. ராலி சாம்பியன் காலின் மெக்ரே 2007-ல் ஹெலிகாப்டர் விழுந்து தன் சிறு மகனோடும் இன்னும் இருவரோடும் இறந்தார். அவருடைய உரிமமும் காலாவதியானது என்று விசாரணை சொன்னது. நம் பக்கத்தில் லட்சுமி மில்ஸ் குடும்பத்தின் எஸ்.கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து, ஏறத்தாழ எல்லோரும் எட்டிப்பிடிக்கக்கூடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர். 2005-ல் ஃபார்முலா ஒன்றில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியவற்றில் அந்த ஃபார்முலா மாருதியும் உண்டு. கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கரிவரதன் விபத்தை மற்ற இரண்டோடும் ஒன்றாக வைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஒவ்வொன்றின் காரணமும் தனி. ஹில், மெக்ரே கதைகளோ என் வாதத்தைக் கெடுக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகின்றன. அவர்கள் தரையின் துணிச்சலை வானத்துக்குக் கொண்டுபோனார்கள். உரிமத் தாளைப் புதுப்பிப்பது திறமைசாலிக்கு வேண்டாத வேலை என்று தோன்றிவிட்டது. நான் கேட்பது எதிர்த்திசைப் பயணம்: வானத்தின் சலிக்காத சரிபார்ப்பு தரைக்கு வர வேண்டும்.

அதை நம் இளைஞர்கள் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆளிடமும் பார்க்கலாம். நடிகர் அஜித்குமார் கார்ப் பந்தயக்காரர், ஏரோமாடலிங்கில் ஊறியவர், எம்.ஐ.டி.யின் ‘தக்ஷா’ ஆளில்லா விமான அணிக்கு 2018-ல் ஆலோசகராக இருந்தார், அந்த அணி அதே ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன், பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. அதன்பின் தன் அணியின் முக்கியக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். மற்ற ஓட்டுநர்கள் ஓட்டி, அணி அந்தப் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. கொடியோடு அவர் ஓடிவந்த காட்சி ஊரெல்லாம் பரவியது. விலகிய முடிவை எத்தனை ரசிகர்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள் என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்த வாரத்தில் அவர் செய்த கடினமான காரியம் அதுதான்.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு என்பது அடுத்த ஆட்சேபம். பாதி உண்மை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும்; அதற்கான செலவு ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்குப் போகும். ஆனால், விமானத்தின் பழக்கத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. 2021-ன் ட்ரோன் விதிகள் வந்த பிறகு, பத்தாம் வகுப்பு முடித்த 18 வயது இளைஞர் சில நாள் பயிற்சியில் ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பெறலாம். அந்தப் பயிற்சியிலும் பறக்கும் முன் சரிபார்க்கும் பட்டியல் உண்டு, காற்றின் வேகத்தைப் பார்த்துப் பறக்காமல் திரும்பும் முடிவு உண்டு, பறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதும் கட்டாயம் உண்டு. கீழப்பாவூர் வயலில் மருந்து தெளிக்கக் கற்கும் பையன், ஒரு விமானியின் முதல் பாடத்தைத்தான் கற்கிறான். நம் ஓட்டுநர் உரிமத் தேர்வோ இன்னும் எட்டுப் போடுவதிலேயே நிற்கிறது. டயரில் காற்று எவ்வளவு என்று கேட்பதில்லை. பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நாளைக்கே இதை மாற்ற முடியாது என்பது தெரியும்; விதி டெல்லியில் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல்கள் மாற்றலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

சாலை வானம் இல்லை என்பார்கள். அங்கே குறுக்கே மாடு வராது, எதிர்த்திசையில் டிராக்டர் வராது, கல்யாண ஊர்வலம் வராது. சரிதான். அதனால்தான் வானத்தின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைச் சாலைக்குக் கேட்கவில்லை. மாட்டாலும் டிராக்டராலும் மாறாத சில விஷயங்கள் ஓட்டுபவர் கையில் இருக்கின்றன. தேய்ந்த டயர், தூங்காத கண், குடித்த வாய், மங்கிய விளக்கு ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே நிறுத்திவிடலாம். குறுக்கே எதுவும் வரக்கூடிய சாலையில் அந்தச் சரிபார்ப்பு வானத்தைவிட அதிகமாகத் தேவை.

கடைசியாக இடம். பித்தை நல்ல வழியில் திருப்ப ஒரு தரை வேண்டும், ஆனால் அது குற்றாலத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சத்தமும் புகையும் கூடாது என்ற எதிர்ப்பில் நான் முதல் கையெழுத்துப் போடுவேன். அதோடு செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடியில் பாயும் காற்று, சிறு விமானத்தை மலையோரத்தில் பந்தாடிவிடும். கிழக்கே தள்ளி, கரிசல் பக்கம் போனால் நிலைமை வேறு. கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் பாழாகக் கிடக்கிறது. அந்த வட்டாரத்தில் காற்றாலைகளும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் வந்துவிட்டதால், அங்கே மறுபடியும் விமானம் என்பது சிக்கல்தான். கார் மட்டும் ஓடலாம். கோவில்பட்டி அருகே உள்ள தனியார் ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க மாநில அரசின் டிட்கோ நிறுவனம் முயன்றுவருகிறது. தென்காசியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம்.

ஓடுதளத்தில் காரா என்று முகம் சுளிக்க வேண்டாம். செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் போர்க்கால ஓடுதளத்தில்தான் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஐம்பதுகளிலிருந்து பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தென்னிந்தியப் பந்தயக்காரர்களுக்கு அதுவே தாய்வீடு. இலங்கையில் களுத்துறை அருகே கட்டுக்குருந்தை விமானத் தளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. இங்கிலாந்தின் குட்வுட்டில் 1948 முதல் பந்தயத் தடம் விமானத் தளத்தைச் சுற்றியே ஓடுகிறது, விமானங்களும் இறங்குகின்றன. சோழவரத்தில் பாதுகாப்புக் குறைவு என்பது உண்மை. தகர டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் நம்பி நடந்த காலம் அது. கோவில்பட்டியில் பந்தயம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடுதளம் திறந்த மறுநாளே நான்குவழிச் சாலை அமைதியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பயிற்சிப் பள்ளியை எடுத்து நடத்தப்போகும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்க்கலாம். விமானம் பறக்காத நேரமாக மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்க வேண்டும். பதிவு செய்த கார்க்காரர்கள், தலைக்கவசத்தோடும் ஆம்புலன்ஸோடும், ஈரத்தில் பிரேக் பிடிக்கவும் வழுக்கும் வண்டியை மீட்கவும் அங்கே பழக வேண்டும். வருகிற ஒவ்வொரு காரும் ஓடுதளத்தில் ஏறும் முன், பள்ளியின் விமான மெக்கானிக் ஒருவர் அட்டையைக் கையில் கொடுத்து, உரிமையாளரையே வண்டியைச் சுற்றி வரச் சொல்ல வேண்டும். அட்டையில் ஒரு கட்டம் நிரம்பாவிட்டாலும் அன்றைக்கு அந்த வண்டி வெளியே நிற்கட்டும்.